மாவைப் பொங்க வைப்பது யார்?

கிரைண்டரில் அரைத்தால் இட்லி மெத்தென்று வருகிறது. அதே அரிசி, அதே உளுந்தை மிக்ஸியில் அரைத்தால் ஏதோ ஒன்று குறைகிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "மிக்ஸி மாவு சரியாப் புளிக்காது" என்பதுதான். மறுநாள் காலையில் அந்த மாவை முகர்ந்து பாருங்கள், புளித்துத்தான் இருக்கும். நாக்கில் வைத்தாலும் புளிப்பு தெரியும். பொங்கியிருக்காது, அவ்வளவுதான்.

புளிப்பதும் பொங்குவதும் ஒரே பாத்திரத்துக்குள் ஒரே இரவில் நடப்பதால், இரண்டையும் ஒரே வேலையாகப் பேசிப் பழகிவிட்டோம். மாவைப் புளிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். காற்றையும் அவைதான் ஊதுகின்றன. ஊதிய காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது உளுந்து. இந்த இரண்டாவது வேலை நடக்கவில்லை என்றால், முதல் வேலை எவ்வளவு நன்றாக நடந்தாலும் இட்லி கல்தான். பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது உளுந்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் கட்சி.

பாக்டீரியாவின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். தயிருக்கு உறை ஊற்றுகிறோம். இட்லி மாவுக்கு அப்படி எதையும் ஊற்றுவதில்லை. பழைய மாவில் ஒரு கரண்டி சேர்ப்பவர்கள் உண்டு, ஆனால் அது கட்டாயமில்லை. பிறகு எங்கிருந்து வருகின்றன இந்த நுண்ணுயிர்கள்? கையால் கரைப்பதால் வருகின்றன, ஒருவர் கைக்கு மாவு பொங்கும், இன்னொருவர் கைக்குப் பொங்காது என்றெல்லாம் வீடுகளில் சொல்வார்கள். கையிலிருந்தும் கொஞ்சம் போகலாம். ஆனால் தேவையான கூட்டம் உளுந்தின் மேலேயே இருக்கிறது. பருப்பு தண்ணீரில் ஊறும் அந்தச் சில மணி நேரத்திலேயே அது பெருகத் தொடங்கிவிடுகிறது. கரண்டியால் கரைத்தாலும் மாவு பொங்கும். கையால் கரைப்பதில் உள்ள நன்மை, உளுந்தும் அரிசியும் அடி முதல் மேல் வரை ஒன்றாகக் கலப்பது.

1965-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இட்லி மாவில் எந்த நுண்ணுயிர் எப்போது தலையெடுக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். மாவைப் பொங்க வைப்பதில் முதல் பங்கு லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்பது அவர்கள் கண்ட முடிவு. இதன் பிழைப்பு முறை வித்தியாசமானது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை எடுத்துக்கொண்டு ஒரு லாக்டிக் அமிலம், ஒரு எத்தனால், ஒரு கார்பன் டை ஆக்சைடு என்று மூன்றாக உடைக்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, கார்பன் டை ஆக்சைடு குமிழியாகிறது. எத்தனால் மிகக் கொஞ்சம், வேகும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

நேரம் போகப் போக மாவில் அமிலம் கூடுகிறது. தொடக்கத்தில் 6-ஐ ஒட்டி இருக்கும் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) விடியும்போது 4.5 பக்கம் இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் லியூகோனாஸ்டாக் தளர்ந்துபோக, புளிப்பைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. பீடியோகாக்கஸ் அவற்றில் ஒன்று. இது அமிலத்தை மட்டும்தான் உண்டாக்கும், காற்று ஊதாது. அதனால்தான் பொங்கி நின்ற மாவை இன்னும் சில மணி நேரம் வெளியே விட்டால் மேலும் பொங்குவதில்லை, புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் கொஞ்ச நேரம், காற்று முழுதாக ஊதப்பட்டு, புளிப்பு அளவாக நிற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. இட்லி ஊற்ற வேண்டியது அப்போது.

அந்தக் கட்டம் எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பம். 30 டிகிரி செல்சியஸ் இந்தக் கூட்டத்துக்குச் சுகமான சூடு. மே மாத மதுரையில் சாயங்காலம் கரைத்து வைத்த மாவு நடு இரவிலேயே பாத்திரத்தை விட்டு வழியும். ஊட்டியில் மறுநாள் மதியம் வரைகூட அசையாமல் கிடக்கும். குளிர் ஊர்களில் கம்பளி சுற்றி வைப்பதும், அணைத்த அடுப்பின் பக்கத்தில் வைப்பதும் இதற்காகத்தான். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை: நாம் போடும் அளவு உப்பை இந்த பாக்டீரியாக்கள் தாங்கும், அவற்றின் வேகம் மட்டும் சற்றுக் குறையும். வெயில் காலத்தில் அரைத்த கையோடு உப்பு போடுவதில் நியாயம் இருக்கிறது.

இனி உளுந்து.

அரிசியை மட்டும் அரைத்துக் கரைத்து வைத்துப் பாருங்கள். ஓரிரு நாளில் அதுவும் புளிக்கும். குமிழி வரும், மேலே ஏறும், உடைந்து போய்விடும். காற்றைப் பிடித்து வைக்க அரிசி மாவில் ஒன்றும் இல்லை. கோதுமை ரொட்டியில் குளூட்டன் என்ற புரதம் இழுபடும் வலையாகி அந்த வேலையைச் செய்கிறது. அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது. இட்லி பொங்குவது முற்றிலும் வேறு வழியில். அது ஒரு நுரை.

இந்த நுரையை 1970-களில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பிரித்து ஆராய்ந்தார்கள். உளுந்தில் உள்ள இரண்டு பொருள்கள் கூட்டாக வேலை செய்வது அப்போது தெளிவானது. ஒன்று குளோபுலின் வகைப் புரதம். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் இது போய்ப் படிந்துகொள்ளும். சோப்புத் தண்ணீர் நுரைப்பதற்கும் காரணம் இதே மாதிரிப் படிவுதான். இன்னொன்று அராபினோகேலக்டன் என்ற பெருஞ்சர்க்கரை. ஊறிய உளுந்தைத் தொட்டால் விரலில் நூலாக இழுபடுகிறதே, அந்தக் கொழகொழப்பு இதனுடையது. புரதம் குமிழியைச் சுற்றித் தோல் கட்டுகிறது. கொழகொழப்பு அந்தத் தோல்களுக்கு இடையில் உள்ள தண்ணீரை வடியவிடாமல் கெட்டியாக்குகிறது. சோப்பு நுரை சில நிமிடங்களில் அடங்கிப்போக, உளுந்து நுரை இரவு முழுவதும் நிற்பது இதனால்தான். இன்னும் பெரிய விஷயம், வேகும் சூட்டிலும் இது சட்டென்று உடைவதில்லை. துவரம்பருப்பிலும் கடலைப்பருப்பிலும் புரதம் ஏராளமாக உண்டு, இந்த வழவழப்பு இல்லை. அவற்றை அரைத்து அடை வார்க்கலாம். இட்லிக்கு ஆகாது.

வெந்தயம் போடுவதன் பொருளும் இப்போது புரியும். அதிலும் இதைப் போன்ற வழவழப்பான சர்க்கரை ஒன்று நிறைய இருக்கிறது. உளுந்து கொஞ்சம் சுமாராக இருந்தால் ஒரு ஸ்பூன் வெந்தயம் கைகொடுக்கும். உளுந்தை நன்றாகக் கழுவிவிட்டு ஊறவைத்து, ஊறிய தண்ணீரையே தெளித்து அரைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது மிகச் சரியான பழக்கம். கரைந்து வந்த வழவழப்பும் பெருகத் தொடங்கிய பாக்டீரியாவும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன.

கிரைண்டரில் உளுந்து அரைபடுவதை ஒருமுறை நின்று கவனிக்கலாம். முதல் சில நிமிடம் பருப்பு கல்லில் தட்டுப்படும் சத்தம். பிறகு மஞ்சள் கலந்த கெட்டி விழுது. கையில் அள்ளித் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க நிறம் மாறும், வெளுக்கும், பளபளக்கும். தண்ணீர் சேர்த்ததைவிட மாவு அதிகமாகத் தெரியும். "உளுந்து நல்லா மாவு காணுது" என்று சொல்வது இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். அதிகமாகத் தெரிவது வேறொன்றும் இல்லை, காற்று. நிறம் வெளுப்பதும் அதனால்தான், நுண்ணிய குமிழிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. ஒரு கிண்ணம் தண்ணீரில் கொஞ்சம் மாவைக் கிள்ளிப் போட்டால் மிதக்கும். காற்று இல்லாத பருப்பு விழுது தண்ணீரைவிடக் கனம், மூழ்கத்தான் வேண்டும். வடைக்குப் பதம் பார்க்க இப்படிச் செய்வார்கள். இட்லிக்கும் இதே பரிசோதனை செல்லும்.

ஆகவே மாவு பொங்குவது இரவில் தொடங்கும் கதையல்ல, அரைக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அரைக்கும்போது நுழைந்த இந்தக் குட்டிக் குமிழிகளுக்குள்தான் இரவில் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சேர்கிறது. திரவத்துக்குள் புதிதாக ஒரு குமிழி பிறப்பது கடினம், இருக்கும் குமிழி பெருப்பது சுலபம். அரைக்கையில் ஆயிரக்கணக்கில் நுண்குமிழி இருந்தால் இட்லியில் நெருக்கமான சின்னச் சின்னக் கண்கள். குமிழி குறைவாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய ஓட்டை, சுற்றிலும் கட்டி.

கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். மிக்ஸியின் கத்தி நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றி வெட்டுகிறது. பருப்பு சில நிமிடங்களில் மாவாகிவிடும். அதற்குள் ஜாரும் சூடாகிவிடும். 40 டிகிரியைத் தாண்டும் சூடு லியூகோனாஸ்டாக்குக்கு ஆகாது. கெட்டியாக அரைத்தால் கத்தி சுற்றும் இடத்தில் பள்ளம் விழுந்து மாவு அசையாமல் நின்றுவிடும். அதனால் தண்ணீரைக் கூட்டுகிறோம், மாவு நீர்த்துப்போய்க் காற்றைப் பிடிக்கும் பலத்தை இழக்கிறது. கிரைண்டரில் பாத்திரம் நிதானமாகச் சுற்றுகிறது, கல் உருள்கிறது. மாவு கல்லுக்கடியில் நசுங்குகிறது, இழுபடுகிறது, மடிந்து மீண்டும் உள்ளே போகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் காற்று. அரை மணி நேரம் இப்படி ஓடினாலும் பெரிதாகச் சூடேறாது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து கிரைண்டருக்குப் போதும் என்பவர்கள், மிக்ஸி என்றால் மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்டச் சொல்வது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். மிக்ஸி மட்டும் இருப்பவர்கள் ஐஸ் தண்ணீர் தெளித்து, சிறு சிறு ஈடாக, இடையிடையே நிறுத்தி அரைத்தால் பாதிக் கிணறு தாண்டலாம்.

ஆட்டுக்கல்லில் கல்குழி அசையாது, குழவியைக் கையால் சுற்ற வேண்டும். மின்சாரக் கிரைண்டர் அதைத் தலைகீழாக்கியது. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் இதை முதலில் செய்தார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் பிற்பாடு புவிசார் குறியீடும் கிடைத்தது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸியோடு கிரைண்டரையும் சேர்த்து வீடுகளுக்குக் கொடுத்தது. பெண்களின் தோள்பட்டை வலியை இந்த ஊரில் பெருமளவு குறைத்த பொறி எது என்று கேட்டால் நான் தயங்காமல் கிரைண்டரைத்தான் சொல்வேன்.

அரிசியின் வேலை நுரைக்கு உடம்பு கொடுப்பது. புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து காய்ந்தது. அதன் மாவுச்சத்து இறுகி நிற்பதால், ரவைப் பதத்துக்கு அரைத்தால் குருணை குருணையாக நுரைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். நைசாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும். அவ்வளவுதான் அரிசியிடம் கேட்க வேண்டியது. கன்னட நாட்டை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரரின் 12-ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசத்தில் இட்டரிகா என்றொரு பண்டம் வருகிறது. அது உளுந்து மாவில் செய்தது, அரிசியே இல்லை. அரிசி பிற்பாடு வந்து சேர்ந்தது, உளுந்து அன்றிலிருந்தே இருக்கிறது.

மாவைக் குழியில் ஊற்றுவதிலும் இந்த நுரையை மனதில் வைக்க வேண்டும். அடிவரை கரண்டியை விட்டுக் கலக்கினால் இரவெல்லாம் சேர்ந்த காற்று பாதி போய்விடும். மேலாக அள்ளி ஊற்றி, அடியில் தங்கியதைத் தோசைக்கு வைத்துக்கொள்வார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பானைக்குள் நீராவி மாவின் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது கிராமுக்குச் சுமார் 2,260 ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. அதே சூட்டில் உள்ள வறண்ட காற்றால் இவ்வளவு வேகமாக வேகவைக்க முடியாது. குமிழிக்குள் உள்ள காற்று 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட கால் பங்கு விரிகிறது, நீராவியும் உள்ளே சேர்ந்து இன்னும் தள்ளுகிறது. அந்த விரிவு நடக்கும்போதே அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி இறுக, உளுந்தின் புரதம் கெட்டிப்பட, குமிழிச் சுவர்கள் அப்படியே நிலைத்துவிடுகின்றன. முன்பே தண்ணீர் கொதித்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். மெல்ல மெல்லச் சூடேறினால் சுவர் இறுகுவதற்குள் காற்று தப்பிவிடும். இறக்கிய உடனே எடுக்காமல் சற்று ஆறவிட்டால் மாவுச்சத்து இன்னும் கொஞ்சம் இறுகும், துணியில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் கழன்று வரும்.

கடை மாவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பாக்கெட் உப்பியிருந்தால் உள்ளே லியூகோனாஸ்டாக் இன்னும் வேலையில் இருக்கிறது, அன்றைக்கே இட்லி ஊற்றலாம். உப்பாமல் தளர்ந்து, திறந்தவுடன் புளிப்பு வாடை தூக்கினால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஊத்தப்பத்துக்கோ பணியாரத்துக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல், வாடையும் சரியாக இருந்து, இட்லி மட்டும் தட்டையாக வந்தால் உளுந்தைக் குறைத்து அரைத்திருக்கிறார்கள், அல்லது பழைய உளுந்து. வீட்டு மாவில் அப்படி ஆனால், இன்னும் எத்தனை மணி நேரம் வைப்பது என்று யோசிக்க வேண்டாம். அடுத்த முறை புது உளுந்து வாங்கி, கிள்ளிப் போட்டால் மிதக்கும்வரை அரையுங்கள்.