ஏசி காற்றை மாற்றாது: கல்லூரி அறிவியல் கட்டடம் கட்டுவோர் கவனத்திற்கு

சென்ற மாதம் குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில், திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத அறிவியல் கட்டடத்தைப் பார்க்க அழைத்திருந்தார்கள். வேதியியல், நுண்ணுயிரியல், இயற்பியல் மூன்றும் ஒரே கூரையின் கீழ். முதல் மாடிக்குப் படி ஏறும்போதே தொண்டை கரித்தது. கீழே வேதியியல் ஆய்வகத்தின் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும் அமிலப் புகை, சுவரை ஒட்டியே மேலேறி நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. "பிற்பகலானால் பிள்ளைகளுக்குத் தலைவலி வந்துவிடுகிறது, சார்" என்றார் ஆய்வக உதவியாளராக இருக்கும் அம்மா. நிர்வாகத்தில் கேட்டேன். "அதற்குத்தானே ஏசி போட்டிருக்கிறோம்" என்றார்கள்.

இந்தப் பதிலை நான் கேட்பது இது நான்காவது கட்டடத்தில். பொறுமை போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஸ்பிளிட் ஏசி அறைக்குள் புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே சுவரில் தொங்கும் பெட்டி அதே அறைக் காற்றை இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் விடுகிறது. வெளியே இருக்கும் யூனிட்டுக்குப் போகும் இரண்டு செப்புக் குழாய்களில் ஓடுவது ஏசிக்கு நிரப்பும் கேஸ். கூடவே போகும் பிளாஸ்டிக் குழாயில் வடிவது தண்ணீர். அறைக் காற்று இவற்றில் எதன் வழியாகவும் வெளியே போவதில்லை. நம்ப முடியாவிட்டால், ஏசி ஓடும் அறையைப் பூட்டிக்கொண்டு கொஞ்சம் கருவாடு வறுத்துப் பாருங்கள். அறை குளிரும்; வாடை அங்கேயேதான் நிற்கும். அமில ஆவிக்கும் அசிட்டோன் போன்ற கரைப்பான்களின் ஆவிக்கும் அதே கதிதான். "இது விலை கூடிய ஏசி, ஃபில்டர் உண்டு" என்பார்கள். அந்த வலை பிடிப்பது தூசியை. ஆவி வலையில் சிக்காது. ஜன்னலை அடைத்து ஏசி போட்ட ஆய்வகத்தில், நாற்பது மாணவர்கள் விட்ட மூச்சையும் சிந்திய கரைப்பானையும் மூன்று மணி நேரம் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறார்கள்.

ஃபியூம் ஹூட் (முன்புறக் கண்ணாடியை உயர்த்தி வேலை செய்யும், புகையை இழுத்து வெளியே விடும் பெட்டி) வாங்கிவிட்டால் போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒன்றரை மீட்டர் அகல ஹூட்டின் கண்ணாடியை அரை மீட்டர் உயர்த்தி வேலை செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திறப்பின் வழியே காற்று நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். அப்படியானால் ஒரு ஹூட் மணிக்கு 1,350 கன மீட்டர் காற்றை வெளியேற்றுகிறது. 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.3 மீட்டர் உயரமுள்ள அறையின் மொத்தக் காற்றே சுமார் 178 கன மீட்டர்தான். மணிக்கு ஏழு முறைக்கு மேல் அறையே காலியாகிறது. அவ்வளவு காற்று எந்த வழியாக உள்ளே வரும்? வரைபடத்தில் அதற்கு ஒரு வழி காட்டுங்கள் என்றால் பெரும்பாலும் மௌனம்தான். வழி இல்லாவிட்டால் கதவிடுக்கில் விசில் சத்தம் கேட்கும், ஹூட் இழுக்காது, புகை ஆசிரியர் முகத்துக்கே திரும்பும். ஹூட்டுக்கு எதிரே மின்விசிறியோ, ஏசியின் வீச்சோ, திறந்த ஜன்னலோ இருந்தாலும் இதே விளைவுதான்.

இப்படி எல்லாத் துறைகளையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதற்குச் சொல்லப்படும் "பல்துறை" என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். துறைகள் ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நம் மாவட்டத்தைப் போல அதற்குத் தோதான இடம் வேறு எங்கே? மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சை வெளிவிடும் தோரியம் இருக்கிறது. அந்த மணலைப் பிரிப்பவர் வேதியியல்காரர், அதன் கதிர்வீச்சை எண்ணுபவர் இயற்பியல்காரர், அதில் வளரும் செடியைப் பார்ப்பவர் தாவரவியல்காரர். மூவரும் ஒரே மேசைக்கு வரத்தான் வேண்டும். ஆனால் அதற்காக ஆய்வகங்களுக்கு இடையிலுள்ள சுவர்களை எடுத்துவிட்டால் முதலில் கலப்பது துறைகள் அல்ல, காற்று. வேதியியல் அறை காற்றை உள்ளிழுக்க வேண்டும், அதன் புகை வராந்தாவுக்கு வரக் கூடாது. நுண்ணுயிர் வளர்ப்பு அறை சுத்தக் காற்றை வெளியே தள்ள வேண்டும், தூசி உள்ளே போகக் கூடாது. நோய்க்கிருமி கையாளும் அறையானால் அதுவும் தலைகீழ். இவை இரண்டையும் ஒரே கூடத்தில் எப்படி வைப்பது?

கருவிகளிலும் இந்தக் குழப்பம் வருகிறது. பொது ஆய்வகத்தில் ஃபியூம் ஹூட்டும், நுண்ணுயிர் வளர்ப்புக்கான லாமினார் ஃப்ளோ பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பார்க்க இரண்டும் கண்ணாடிப் பெட்டிதான். ஆனால் லாமினார் ஃப்ளோ காற்றை நம்மை நோக்கித் தள்ளும்; அது காப்பது உள்ளே இருக்கும் வளர்ப்பை, மனிதரை அல்ல. அதில் குளோரோஃபார்ம் வைத்துத் திறந்த மாணவரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

ஆட்கள் சந்திக்க வேண்டிய இடம் வராந்தா. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளார்க் மையத்தில் (2003, நார்மன் ஃபாஸ்டரின் வடிவமைப்பு) நடைபாதைகளையே கட்டடத்துக்கு வெளியே பால்கனிகளாக வைத்தார்கள். அதையே நம் பழைய பள்ளிக்கூடங்கள் ஓட்டுக்கூரை வராந்தாவாக வைத்திருந்தன. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், மரச்சட்டச் சாளரங்களும் முற்றங்களும் காற்றை எப்படி நடத்துகின்றன என்று நின்று பாருங்கள். இரண்டரை மீட்டர் அகல வராந்தா, ஒரு கரும்பலகை, உட்காரத் திண்ணை, தேநீருக்கு ஓர் இடம். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் சக ஆய்வாளரோடு பேசுவதே அரிதாகிவிடும் என்று 1970களிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் காட்டினார். எனவே அறைகளைப் பக்கத்தில் வையுங்கள், கதவுகளை வராந்தாவை நோக்கித் திறக்கும்படி வையுங்கள், காற்றை மட்டும் தனித்தனியாக விடுங்கள்.

புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே குறைந்தது மூன்று மீட்டர் உயர்த்துங்கள். மழைக்கு அஞ்சி அதன் தலையில் தொப்பி மாட்டாதீர்கள். தொப்பி புகையைக் கீழே திருப்பிவிடும். மழைநீர் வடிய அடியில் ஒரு துளை போதும். நம் ஊரில் காற்றும் ஒரு திசையில் நிற்பதில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடித்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் சீறும். ஐப்பசியில் வடகிழக்குக்கு மாறும். புதுக்காற்று எடுக்கும் வாய் இரண்டு பருவத்திலும் புகையின் வழியில் இருக்கக் கூடாது. குழாயைக் கம்பி கட்டி நிறுத்துங்கள், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை மறக்க வேண்டாம். தகரக் குழாய் வேண்டாம். உப்புக் காற்று வெளியிலிருந்தும் அமிலம் உள்ளிருந்தும் தின்றுவிடும். பிவிசி அல்லது கண்ணாடி இழைக் குழாய் போடுங்கள். கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேவைப்பட்டால் 304 தரம் அல்ல, 316 தரம் கேளுங்கள்.

ஆய்வகக் கழிவை செப்டிக் டேங்கில் விடாதீர்கள், அங்கே வேலை செய்யும் கிருமிகள் செத்துவிடும். எரிவாயு சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, சங்கிலியோடு. எல்பிஜி தரையோடு படியும், எனவே காற்றுத்துளை தரை மட்டத்தில் வேண்டும். கண் கழுவும் குழாயும் ஷவரும் பத்து நொடி நடையில் இருக்கட்டும். பதினைந்து நிமிடம் தொடர்ந்து தண்ணீர் வர வேண்டும். வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள், துருத்தண்ணீரைக் கண்ணில் அடிப்பது வைத்தியம் அல்ல. அதிர்வு ஆகாத நுண்ணோக்கியும் லேசர் மேசையும் கீழ்த்தளத்தில். கதிர்வீச்சு எண்ணும் அறைக்குக் கடற்கரை மணலைத் தளம் நிரப்பக்கூடக் கொண்டுவராதீர்கள், சுவரும் தரையுமே எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்புறத் தோற்றத்தைப் படமாக வரைந்து வாங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு துறையிடமும் ஒரு தாள் கொடுங்கள். இந்த அறையிலிருந்து என்ன வெளியே போகும், இந்த அறைக்குள் எது வரவே கூடாது. இரண்டே கேள்வி. பேராசிரியரிடம் மட்டுமல்ல, ஆய்வக உதவியாளரிடமும் கேளுங்கள். நான் போன கல்லூரியில் அந்த அம்மா பத்து நிமிடத்தில் எந்தக் கதவு இழுக்கிறது, எந்த மூலையில் வாடை தங்குகிறது, மழையில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று வரிசையாகக் காட்டினார். கட்டும்போது அவரை யாரும் கூப்பிடவில்லை.

அங்கே எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதுக்காற்றுக்குக் கிழக்குச் சுவரில் வழி திறக்க வேண்டும். வேலை முடியும்வரை மேல்மாடி வகுப்புகளைப் பக்கத்துப் பிளாக்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.