பாட்டியிடமிருந்து நேரே பேரப்பிள்ளைக்கு

நியூசிலாந்தில் ஒரு வேடிக்கை. பூர்வகுடிகளின் மொழியான மாவோரியை 1987இலும் சைகை மொழியை 2006இலும் சட்டம் போட்டு ஆட்சிமொழி ஆக்கினார்கள். ஆங்கிலமோ அப்படி ஒரு சட்டம் இல்லாமலேயே காலங்காலமாகக் கோலோச்சியது.

மாவோரிக்கு மட்டும் ஏன் சட்டம் தேவைப்பட்டது? 1913இல் பள்ளிக்குப் போன மாவோரிப் பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தாய்மொழி பேசினார்கள். 1953இல் அது 26 சதவீதம். 1975இல் 5 கூட இல்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில்தான். வாய்தவறி மாவோரி பேசிய பிள்ளைகள் பலருக்கு அடி விழுந்தது. அடி வாங்கியவர்கள் பெற்றோரானதும், ‘நாம் பட்டது போதும்’ என்று பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரத்துக்கு வந்த குடும்பங்களுக்கு வெள்ளையர் வீடுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அரசு வீடு கிடைத்தது. மிளகு தூவல் என்றே அதற்குப் பெயர். அக்கம்பக்கத்தில் பேசவும் ஆள் இல்லை.

1970களில் மாவோரி சரளமாக வந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். சங்கிலியில் நடுக்கண்ணி அறுந்துவிட்டது. சரி, மேல்கண்ணியை நேரே கீழ்க்கண்ணியில் கோத்தால்? 1982இல் வெலிங்டன் அருகே வைனுயோமாட்டாவில் தொடங்கிய முதல் ‘கோஹஙா ரெயோ’ போட்ட கணக்கு இதுதான். மொழிக் கூடு என்று பொருள். (நாம் ‘ஙப்போல் வளை’யோடு மறந்துவிட்ட ங, மாவோரியில் சொல்லுக்கு முதலிலேயே வரும்.)

அங்கே மொழி வகுப்பு கிடையாது. பள்ளி வயது வராத குழந்தைகளோடு பாட்டி தாத்தாக்கள் நாள் முழுக்க மாவோரியில் மட்டுமே பேசுவார்கள். சாப்பாட்டுக்கு முன் ‘ஹொரொயா ஓ ரிஙாரிஙா’ என்று குரல் வரும். குழந்தைகள் கை கழுவப் போவார்கள். யாரும் பொருள் சொல்வதில்லை. தினமும் அதே வேளையில், அதே வேலையோடு, அதே சொற்கள் வருவதால் குழந்தை தானாகப் பிடித்துக்கொள்கிறது. குறில் நெடிலும் அப்படித்தான். ‘கெகெ’ என்றால் கேக். ‘கேகே’ என்றால் அக்குள். ‘எனக்கு ஒரு அக்குள் வேண்டும்’ என்று கேட்டுவிட்டால் பக்கத்துக் குழந்தை சிரித்தே திருத்திவிடும்.

மூன்றே ஆண்டுகளில் 300க்கு மேல் கூடுகள். ஆனால் ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு மாவோரி வேகமாக மறந்தது. அதனால் 1985இல் ஆக்லாந்தில் முழு மாவோரி வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு, ஒப்பந்த மீறல் பற்றிய மாவோரிகளின் குறைகளை விசாரிக்கும் வைதாஙி நடுவர் மன்றத்துக்கு, மொழியைக் காக்கக் கோரி முறையீடும் போனது. பிரிட்டிஷ் அரசோடு மாவோரித் தலைவர்கள் செய்த 1840ஆம் ஆண்டு ஒப்பந்தம் மாவோரிகளின் ‘தாஒஙா’வுக்கு, அதாவது அரும்பெரும் செல்வங்களுக்கு, காப்பு தருகிறது; மொழியும் அதில் அடக்கம் என்று 1986இல் மன்றம் சொன்னது. மறு ஆண்டே சட்டம் வந்து, நீதிமன்றத்தில் மாவோரி பேசும் உரிமையைத் தந்தது. 2016இல் வந்த புதிய சட்டம் இன்னும் சுவாரசியம். அது இரு மொழிகளில் உள்ளது. இரண்டும் முரண்பட்டால் மாவோரியில் உள்ளதே செல்லும்.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் என் கண்ணில் சட்டத்தைவிட அந்தக் கூடுதான் பெரிது. 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 2,13,000 பேர் மாவோரி பேசத் தெரியும் என்றார்கள். தெரிவது வேறு, வீட்டில் பேசுவது வேறு. முதல் கூட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அறுந்துபோன நடுக்கண்ணியின் இடத்தில் இன்று இருப்பது அவர்கள்தான்.