தவழி: கிராலருக்கு ஒரு தமிழ்ச் சொல், அதன் இங்கிதத்துக்கு இன்னொன்று

ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளை எடுத்து, அவை காட்டும் பக்கங்களையும் திறந்து, இப்படியே பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும் நிரலைத்தான் வெப் கிராலர் என்கிறோம். தேடுபொறிகள் இதை வைத்துத்தான் இணையத்துக்கு அட்டவணை போடுகின்றன. பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகங்களுக்கும், மொழி ஆய்வுக்கு உரை திரட்டுபவர்களுக்கும் இதுவேதான் கருவி.

ஆங்கிலத்தின் 'கிரால்', பழைய நார்ஸ் மொழியின் 'கிராஃப்லா' என்ற சொல்லிலிருந்து வந்தது. கைகளால் பிறாண்டிப் பற்றி நகர்வது என்று பொருள். ஆரம்பத்தில் இந்த நிரலுக்கு நிலையான பெயர் இல்லை. 1993இல் எம்.ஐ.டி.யில் மாத்யூ கிரே எழுதிய நிரல் 'வாண்டரர்', அதாவது அலைபவர். ஸ்பைடர் என்றும் ரோபாட் என்றும்கூடச் சொன்னார்கள். 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் உருவாக்கிய தேடுபொறிக்கு வெப்கிராலர் என்றே பெயர். இதில் ஒரு முரண் இருக்கிறது. கிரால் என்றால் மெதுவாக நகர்வது. நிரலோ வினாடிக்கு நூறு பக்கம் கேட்கும். பெயரில் இருக்கும் நிதானம் நிரலில் தானாக வராது, எழுதுபவர்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

சிலந்தி என்ற சொல் உடனே மனதுக்கு வரும். வலை என்ற சொல்லோடு அழகாகவும் பொருந்துகிறது. ஆனால் சிலந்தி தான் பின்னிய வலையில் தானே அரசாக உட்கார்ந்திருக்கும். நம் நிரல் நடமாடுவது பிறர் பின்னிய வலையில். அந்த உறவை இந்தப் பெயர் தலைகீழாகக் காட்டுவதாக எனக்குப் படுகிறது.

அடுத்தது 'ஊர்' என்ற வினை. ஊர்வன, ஊர்ந்து செல்லுதல் என்று நமக்குப் பழகிய வேர்தான். இதிலிருந்து 'ஊர்வி' என்று அமைக்கலாம், இலக்கணத்தில் குறை இல்லை. ஆனால் இதே வினைக்கு ஏறிச் செல்லுதல் என்ற பொருளும் பழங்காலம் தொட்டு உண்டு. குதிரை ஊர்ந்தான், பல்லக்கு ஊர்ந்தான் என்றால் அவன் மேலே இருக்கிறான், இன்னொருவர் சுமக்கிறார். ஊர்தி என்ற சொல் அந்தப் பொருளில் பிறந்ததுதான். பிறர் தளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து சவாரி செய்யும் நிரல்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

எனக்குப் பிடித்தது 'தவழ்'. இதிலிருந்து 'தவழி'. தவழ்வது குழந்தைக்கு மட்டும் உரியது என்று தயங்க வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியலிலேயே 'தவழ்பவை' என்று ஓர் உயிர் வகை வருகிறது. அதோடு இந்தச் சொல்லில் ஒரு மென்மை இருக்கிறது. மேகம் மலைமேல் தவழ்கிறது, தென்றல் தவழ்கிறது என்கிறோம். தொட்டும் தொடாமலும் போவது அது. ஒரு நிரல் பிறர் தளத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ, அதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இனி அடைமொழிக்கு வருவோம். பிறர் தளத்தைச் சிரமப்படுத்தாமல் நடந்துகொள்ளும் கிராலருக்கு ஆங்கிலத்தில் 'பொலைட் கிராலர்' என்பது நிலைபெற்ற கலைச்சொல். இதைப் 'பணிவான' என்று சொல்வது பொருந்தவில்லை, பணிவு கீழிருந்து மேலே காட்டுவது. 'கண்ணோட்டம்' அருமையான சொல். திருக்குறளில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே அது பிறர்மேல் காட்டும் பரிவு. இன்று அதைப் பார்வைக் கோணம் என்ற பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டோம், இனி திருப்புவது கடினம். 'மரியாதை' தவறில்லை, ஆனால் மேலோட்டமானது.

நான் தேர்ந்தெடுப்பது 'இங்கிதம்'. வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் மூலப்பொருள் உடற்குறிப்பு, சைகை. பிறர் வாய் திறந்து சொல்லாததையும் முகத்தைப் பார்த்து அறிந்து நடப்பவரைத்தான் இங்கிதம் தெரிந்தவர் என்கிறோம். தனித்தமிழில் வேண்டும் என்பவர்களுக்குக் 'குறிப்பறிதல்' இருக்கிறது. இந்தப் பொருள்தான் மையம் என்று நினைக்கிறேன். இங்கிதமான தவழி என்றால் வெறுமனே மெதுவான தவழி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சர்வர் காட்டும் குறிப்பைப் படிக்கும் தவழி. சர்வரைத் தமிழில் வழங்கி என்கிறோம். கொடுப்பவரின் முகம் பார்த்துக் கேட்பதுதானே முறை?

வழங்கிக்கு முகம் உண்டா? உண்டு. முதல் குறிப்பு எழுத்திலேயே இருக்கிறது. ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பு, தளத்தின் எந்தப் பகுதிக்குள் தவழிகள் வரக் கூடாது என்று சொல்கிறது. 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் இதை முன்மொழிந்தார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக வெறும் வழக்கமாகவே பின்பற்றப்பட்டு, 2022இல்தான் ஆர்.எஃப்.சி. 9309 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. (இந்தக் கோப்பின் பெயரிலுள்ள ரோபாட், கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரோபோட்டா' என்ற செக் சொல்லிலிருந்து வந்தது. நம் கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர். இரண்டு சொற்களும் எவ்வளவு தூரம் பயணப்பட்டுவிட்டன!)

அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தவழி போய்க் கேட்கும்போது ரோபாட்ஸ் கோப்பு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிடைக்காததிலும் இரண்டு வகை இருக்கிறது. 404 என்று பதில் வந்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை, தடை ஏதும் சொல்லப்படவில்லை, உள்ளே போகலாம். 500 வரிசையில் பதில் வந்தால் வழங்கி தடுமாறிக்கொண்டிருக்கிறது. அப்போது தளம் முழுவதுமே தடை செய்யப்பட்டதாகக் கருத வேண்டும் என்கிறது ஆவணம். இரண்டிலும் கையில் கோப்பு இல்லை, ஆனால் ஒன்று திறந்த கதவு, இன்னொன்று நோயில் படுத்திருப்பவரின் வீடு. இந்த வித்தியாசத்தை அறிவதற்குப் பெயர்தான் இங்கிதம். அப்புறம், ஒருமுறை படித்த கோப்பையே மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் பழைய பிரதியைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் அதே ஆவணம் சொல்கிறது.

அடுத்த குறிப்பு 429. 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்று வழங்கி நேரடியாகச் சொல்லும் எண் அது. 503 வந்தால் இப்போதைக்கு முடியவில்லை என்று பொருள். இவற்றோடு சில சமயம் 'ரிட்ரை-ஆஃப்டர்' என்ற வரியும் வரும், எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று அதில் இருக்கும். பிழை வந்த கணமே மறுபடி கேட்கும்படி எழுதப்பட்ட நிரல்கள்தான் உண்மையான கேடு செய்கின்றன. மூச்சு வாங்குபவரை உலுக்கி எழுப்புவதற்கு ஒப்பானது அது. காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்குங்கள்: 2 வினாடி, 4, 8, 16 என்று. சில முயற்சிகளுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

சொல்லாமல் காட்டும் குறிப்பும் உண்டு, அது பதில் வரும் வேகம். நேற்று அரை வினாடியில் வந்த பக்கம் இன்று மூன்று வினாடி எடுத்தால் அங்கே சுமை கூடியிருக்கிறது. 1990களின் இறுதியில் வந்த மெர்க்கேட்டர் என்ற தவழி இதை எளிமையாகக் கையாண்டது. ஒரு பக்கம் வர எவ்வளவு நேரம் ஆனதோ, அதைப் போல் பத்து மடங்கு காத்திருந்துவிட்டுத்தான் அதே வழங்கியிடம் அடுத்ததைக் கேட்கும். வழங்கி திணறினால் தவழியும் தானாக நிதானமாகிவிடும். இன்று தவழி எழுத உதவும் ஸ்கிரேப்பி என்ற மென்பொருளில் இருக்கும் ஆட்டோதிராட்டில் வசதியும் பதில் வரும் நேரத்தை அளந்தே வேகத்தை மாற்றுகிறது.

இப்படிக் காத்திருந்தால் வேலை எப்போது முடியும் என்று கேட்பார்கள். 50,000 பக்கமுள்ள ஒரு தளத்தை 2 வினாடி இடைவெளியில் எடுத்தால் 28 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பல தளங்களை எடுக்கும்போது ஒவ்வொரு வழங்கிக்கும் தனி வரிசை வைத்துக்கொண்டால், ஒன்று ஓய்வெடுக்கும் நேரத்தில் இன்னொன்றிடம் போகலாம். ஒரு கோரிக்கை மிகச் சிறியதுதானே என்ற எண்ணம் வேண்டாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை நாம் விடாமுயற்சிக்குச் சொல்கிறோம், கல்லின் பக்கம் நின்றும் அதை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

மாறாத பக்கத்தை மறுபடி முழுதாக வாங்காமல், 'கடைசியாக நான் வந்த பிறகு மாறியிருந்தால் மட்டும் கொடு' என்று கேட்கும் வழியும், பக்கங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறையான ஹெச்டிடிபியில் இருக்கிறது. மாறவில்லை என்றால் 304 என்ற எண்ணோடு வெறும் தலைப்பு வரிகள் வரும், அவ்வளவுதான். கேட்பவர் யார் என்று வழங்கிக்குச் சொல்லும் யூசர்-ஏஜென்ட் வரியில் தவழியின் பெயரையும் தொடர்பு முகவரியையும் எழுதிவிடுங்கள். உலாவியாக வேடம் போட்டு வரும் நிரலிடம் தளக்காரர் பேச முடியாது, முடக்கத்தான் முடியும்.

கிராலிங்கையும் ஸ்கிரேப்பிங்கையும் ஒன்றாகச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. முதலாவது பக்கங்களைத் தேடிப் போவது, இரண்டாவது வந்த பக்கத்திலிருந்து வேண்டிய தரவை எடுப்பது. ஸ்கிரேப்பிங்கைச் 'சுரண்டல்' என்று மொழிபெயர்த்தால் நேர்ப்பொருள் சரிதான், ஆனால் தமிழில் அது உடனே ஒரு குற்றச்சாட்டாகிவிடும். ஒழுங்காகச் செய்பவருக்கு அது அநியாயம். 'தரவு பிரித்தெடுப்பு' போதும்.

தவழியை வைத்துக்கொண்டால் மற்ற சொற்களும் சிரமமில்லாமல் அமைகின்றன. கிராலிங் தவழல். இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவே விடும் நேரம் தவழ் இடைவெளி. ஒரு தளத்தில் இத்தனை பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளும் அளவு தவழல் வரம்பு. எடுத்த பக்கத்தை மறுபடி போய்ப் பார்ப்பது மறுதவழல்.