ஏசிக்கு கேஸ் போடுவதற்கு முன்னால்

சித்திரை பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் நோயையும் சொல்லி மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "கூலிங் வரல, கேஸ் போட்டுடுங்க." சென்னையில் பதினெட்டு வருஷமாக ஏசி சர்வீஸ் பார்க்கிறேன். அப்படிக் கூப்பிட்டவர்களில் நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தது கொஞ்சம் வீடுகளில்தான்.

ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை. அதை அடைக்காமல் மேலே மேலே போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் செய்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், "லீக் எங்கேன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் கசியும் என்பதால், குழாய் சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சந்தேகம் அங்கேதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரப் பக்கங்களில் உப்புக்காற்று, கேஸ் ஓடும் வளைகுழாயான காயிலையே அரித்துவிடும், அது தனிக் கதை. இன்னொன்று, இப்போது விற்கிற ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. தீப்பற்றக்கூடிய கேஸ். ஜன்னல் கதவையெல்லாம் மூடிக்கொண்டு அறைக்குள் கேஸ் வேலை செய்ய யாரையும் விடாதீர்கள்.

சரி, கேஸ் இருக்கிறது, ஆனால் குளிரவில்லை. ஏன்?

ஏசி குளிரை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். அது செய்வது சுமைக்கூலி வேலை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. டன் என்கிறோமே, அதுவும் பெட்டியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அந்த வேகத்தில் சூட்டை அள்ளினால் அது ஒரு டன் ஏசி. உள்ளே அள்ளும் இடத்தையும் அடைத்துவிட்டு, வெளியே கொட்டும் இடத்தையும் அடைத்துவிட்டு, கூலியாளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

போன வருஷம் கத்திரி வெயிலில் வேளச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மேல்தளம், மேற்குப் பார்த்த படுக்கையறை. ஒன்றரை டன் ஏசி ராத்திரி முழுக்க ஓடியும் வேர்க்கிறது. அந்த அம்மா, "தம்பி, போன மாசம்தான் கேஸ் போட்டோம், அதுக்குள்ள போயிடுச்சு" என்றார். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். புறா வருகிறது என்று அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி வலை, வெயில் படக் கூடாது என்று வலைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஷீட். யூனிட் துப்பிய அனல் வெளியே போக வழியில்லாமல் அதன் பின்பக்கமே போய் மறுபடி உள்ளே போகிறது. ஷீட்டைக் கழற்றச் சொன்னேன். அவுட்டோருக்கு நிழல் நல்லதுதான். தலைக்கு மேலே இருக்கட்டும், முகத்துக்கு முன்னால் வேண்டாம்.

அப்புறம் இன்டோர் ஃபில்டர். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கம்பளி மாதிரி இருந்தது. காற்று போதாமல் காயில் உறைந்து ஐஸ் கட்டுவதற்கு இதுவே போதும், அதைப் பார்த்துவிட்டும் 'கேஸ் கம்மி' என்பார்கள். கேஸ் கம்மியானாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மைதான், ஆனால் முதலில் ஃபில்டரைக் கழுவிவிட்டுப் பேசலாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்டினால் முடிந்தது. இதற்கு நான் எதற்கு? எனக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அந்த வீட்டில் மீதிப் பிரச்சினை தலைக்கு மேலே இருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். நாம் படுக்கப் போகிற நேரமும் அதுதான். பழைய சென்னை வீடுகளில் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். இப்போது பல வீடுகளில் வெறும் தளம், மேலே கறுத்துப்போன சிமெண்ட். மேல்தளத்துக்காரர்கள் பெரிய ஏசி வாங்கும் முன் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயிண்டோ அடித்துப் பாருங்கள். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போடுவதைவிட வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வந்ததுதான்.

ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது ஒரு நம்பிக்கை. இன்வெர்ட்டர் இல்லாத ஏசியின் கம்ப்ரசருக்கு ஓடு, நில் என்ற இரண்டு சொல்தான் தெரியும். 16 வைத்தாலும் 25 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16ல் வைத்தால் நிற்கவே நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்வெர்ட்டர் ஏசி, வைத்த அளவை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும். எட்டவே முடியாத அளவை வைத்தால் அந்த மிச்சமும் போச்சு. ஸ்டார் லேபிள் உள்ள ரூம் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பீஇஇ சொல்லும் கணக்கு. நான் சொல்வது 26, கூடவே சீலிங் ஃபேன். இரண்டும் சேர்ந்து ஓடினால் பில் எகிறும் என்று ஃபேனை நிறுத்துகிறவர்கள் உண்டு. சாதா ஃபேன் 75 வாட். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் இழுப்பது ஏறக்குறைய 1500 வாட்.

ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் வருஷ மின்சார யூனிட்டைப் பார்த்துப் பில்லைக் கணக்குப் போடாதீர்கள். அது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. தினம் எட்டு மணி நேரம் போட்டால் 200 நாளில் தீர்ந்துவிடும். நம் ஊரில் 200 நாளோடு வெயில் நிற்கிறதா என்ன?

கடைசியாக, ஏசித் தண்ணீர் விழும் பக்கெட்டை ஒரு ராத்திரி கவனியுங்கள். கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஏசியின் உழைப்பில் ஒரு பகுதி அதைப் பிழிவதிலேயே போகிறது. வேளச்சேரி வீட்டில் பக்கெட் வழிந்துகொண்டிருந்தது. ஒட்டிய குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் துவைத்த துணி. "ஏசி போட்டா ராத்திரியிலேயே காஞ்சிடுது தம்பி" என்றார் அந்த அம்மா. காயத்தான் செய்யும். அந்த ஈரத்தால் பில்லில் நேராக ஏறுவது கொஞ்சம்தான். ஆனால் அறை பிசுபிசுவென்று இருக்கும், 26 போதாது என்று தோன்றும், கை ரிமோட்டைத் தேடும். துணியை ஹாலுக்கு மாற்றிவிட்டு சர்வீஸ் சார்ஜ் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கேஸ் பிரஷரை அளந்தும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.