ஆழமான கடல் மட்டும் ஊரை நகரமாக்காது

சிறு துறைமுக ஊரை வளர்க்கும் பேச்சு எழுந்தாலே "எத்தனை மீட்டர் ஆழம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். இன்றைய மிகப் பெரிய கன்டெய்னர் கப்பலின் நீளம் 400 மீட்டர். இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 24,000 பெட்டிகள் ஏற்றும். முழுச் சுமையில் 16 மீட்டருக்கு மேல் அமிழும். அந்த அமிழ்வில் பத்தில் ஒரு பங்காவது கப்பலுக்கும் கடல்தரைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அலையடிக்கும் வெளிக் கால்வாயில் இன்னும் கூடுதலாக. திரும்பும் வட்டத்துக்குக் கப்பல் நீளத்தைப் போல் இரு மடங்கு விட்டம் விடுவது வழக்கம்.

ஆனால் இதெல்லாம் பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு ஆழமும் இருந்தது, கிழக்கு–மேற்குக் கப்பல் பாதையும் பக்கத்திலேயே இருந்தது. 2010இல் திறந்தார்கள், எதிர்பார்த்த சரக்கு வரவில்லை. 2017இல் அது 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. கப்பல் நின்று போவதற்கான தொழிலும் சந்தையும் கரையில் இல்லாவிட்டால், தோண்டிய பள்ளத்தைத் தூர்வாரிக்கொண்டே இருப்பதுதான் மிச்சம்.

துறைமுகம் விற்பது நேரத்தை. இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஆண்டுக்கு 10 லட்சம் பெட்டிகள் கையாளும் முனையத்தில் ஒவ்வொரு பெட்டியும் சராசரியாக 7 நாள் தங்கினால், பெட்டிகளை அடுக்கிவைக்கும் திடலான யார்டில் எந்நேரமும் சுமார் 19,200 பெட்டிகள் கிடக்கும். அதே தங்கல் 3 நாளானால் 8,200தான். ஒரு ஏக்கர் நிலம் வாங்காமல், ஒரு கிரேன் கூட்டாமல், பாதிக்கு மேல் இடம் காலியாகிவிடுகிறது.

தங்கல் நீள்வதற்குக் காரணங்கள் பெரும்பாலும் கடலில் இல்லை. ஆவணம் பிந்தி வரும். பரிசோதனைக் கூடம் பகலில் மட்டும் திறந்திருக்கும். வெளிக்கிடங்கைவிட யார்டு வாடகை மலிவு என்றால், இறக்குமதியாளர் யார்டையே கிடங்காக்கிக்கொள்வார். யார்டு நிரம்பியதும் அடிப்பெட்டியை எடுக்க மேலிருக்கும் மூன்று பெட்டிகளை நகர்த்த வேண்டியிருக்கும். அதற்குள் வெளியே லாரி வரிசை நீளும், உள்ளே கிரேனுக்கடியில் வண்டி வராது, மணிக்கு 25 பெட்டி தூக்கக்கூடிய கிரேன் 15இல் நிற்கும். பழி கிரேன் மீது விழும்; புதுக் கிரேன் வாங்க ஒப்பந்தப்புள்ளி போடுவார்கள். முதலில் திருத்த வேண்டியது அனுமதி நடைமுறையை. சிங்கப்பூர் 1989இல் வணிக அனுமதிகளை ஒரே மின்னணு வழியில் இணைத்தது. நாள்கணக்கில் ஆன வேலை நிமிடக்கணக்குக்கு வந்தது.

துறைமுக வாசலின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வாசலைக் கடக்க நாளுக்கு 1,500 லாரி, ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் 125 மணி நேர வேலை. 20 மணி நேரம் திறந்திருந்தாலும் 7 தடங்கள் தேவை; அதுவும் லாரிகள் சீராக வந்தால் மட்டும். எல்லாம் மாலையில் குவிந்தால் வரிசை ஊர்ச் சாலையில்தான் நிற்கும்.

ஊர் நகரமாவது இதற்கும் அப்பால். சிங்கப்பூரின் ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள்: தடையற்ற வணிகத் துறைமுகமாக அது தொடங்கியது 1819இல். வீட்டுவசதிக் கழகம் 1960, பொருளாதார வளர்ச்சிக் கழகம் 1961, முதல் கன்டெய்னர் கப்பல் 1972. கன்டெய்னர் கிரேனுக்கு முன்பே வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் வேலை தொடங்கிவிட்டது. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கப் பார்க்கிறார்கள். கன்டெய்னர் வந்த இடமெல்லாம் கப்பல்துறைக் கூலிவேலை சுருங்கியிருக்கிறது; பெருவாரியான வேலை எரிபொருள் வழங்கல், பழுதுபார்ப்பு, காப்பீடு, வங்கி, வழக்குத் தீர்வு, உற்பத்தி ஆகியவற்றில்தான் பிறக்கும். லண்டன் நகரின் பழைய கப்பல்துறைகள் 1981க்குள் மூடப்பட்டுவிட்டன. கடல் காப்பீடும் கப்பல் தரகும் நடுவர் தீர்ப்பும் இன்றும் அங்கே நடக்கின்றன. தீர்ப்பை நம்பலாம் என்ற பெயர் சேரத் தலைமுறைகள் ஆகும். கிரேனை இரண்டு ஆண்டில் வாங்கிவிடலாம்.

நகரம் வளர்ந்ததும் துறைமுகம் அதன் நெஞ்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் இரண்டாவது இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். துபாய் 1972இல் ரஷீத் துறைமுகத்தைத் திறந்தது. ஊரைவிட்டுத் தள்ளி ஜெபல் அலியை 1979இலேயே திறந்துவிட்டது. சிங்கப்பூரும் நகர மையத்து முனையங்களைத் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்கு மாற்றி வருகிறது. அந்த இரண்டாவது இடத்துக்கான சாலை, ரயில் தடத்தை இன்றே வரைபடத்தில் பூட்டாவிட்டால் பத்தாண்டில் அங்கே வீடுகள் எழும்பிவிடும். ஆபத்தான சரக்கு எங்கே, எத்தனை நாள் இருக்கலாம் என்பதும் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது, உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட், சுமார் 2,750 டன். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தது அது. சுற்றிலும் மக்கள் குடியிருந்தார்கள்.

கடைசியாக மணல். கரையோரம் மணல் ஓடும் கடற்கரையில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் மேடிடும், மறுபக்கம் கரை அரிக்கப்படும். அரிக்கும் பக்கத்தில் பெரும்பாலும் மீனவர் குடியிருப்புதான் இருக்கிறது. கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்குத் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. மேடிட்ட பக்கத்து மணலைப் பம்பு வைத்து மறுபக்கத்துக்கு ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு திட்ட அறிக்கையில் கட்டுமானச் செலவோடு நின்றுவிட்டதா, ஆண்டுப் பராமரிப்பிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே பக்க எண்ணோடு கேளுங்கள்.