எல்லையோரப் பிள்ளைகளின் மேற்படிப்பு ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது

கடலூர் மாவட்டத்தில் மேல்நிலை மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோர் என்னிடம் கேட்பது, எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்பதைத்தான். புதுச்சேரி எல்லையை ஒட்டிய ரெட்டிச்சாவடி சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்களிடம் நான் வேறொன்றை முதலில் கேட்பேன்: ஆறாம் வகுப்பு எந்தப் பள்ளியில்?

காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதில் பொறியியல் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுச்சேரி அரசுப் பள்ளி இந்தக் கணக்கில் சேராது.

ஒரு மாணவி நல்ல கட்-ஆஃபோடு வந்தாள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் பாட்டி வீட்டில் தங்கி எட்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பக்கம் வந்தவள். ஏழாண்டும் அரசுப் பள்ளிதானே என்று அவள் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். படிப்புச் சான்றின் முதல் மூன்று வரிகளில் புதுச்சேரி என்று இருந்தது. 7.5 போய்விட்டது. புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் மூலம் அங்குள்ள ஒதுக்கீட்டுக்குப் போகலாமென்றால், அங்கே தொடர்ந்து ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. எனக்கு மனம் ஆறவே இல்லை.

இப்படிப்பட்டவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். பொதுக் கவுன்சலிங்கில் சாதி இடஒதுக்கீடு அப்படியே இருக்கிறது. வீட்டில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரி சலுகையும் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்காதவர்களிடம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே கூட்டம் அலைமோதும்.

அடுத்தது பிளஸ் ஒன் குரூப். டாக்டர் கனவோடு பலர் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவை எடுக்கிறார்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. நீட் கைகொடுக்காவிட்டால் அந்தப் பிரிவு மாணவருக்குப் பொறியியல் கதவு மூடிவிடும். வேளாண்மை, நர்சிங் போன்றவை இருக்கின்றன, நல்ல படிப்புகளே. ஆனால் கணக்கைக் கண்டு மிரளாத பிள்ளை என்றால் உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப்பையே சொல்வேன். கணக்கென்றாலே அழும் பிள்ளையை அதில் தள்ளாதீர்கள், மற்றப் பாடங்களும் சேர்ந்து சரியும்.

காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். வாசலில் இருந்தும் நம் பிள்ளைகள் பலருக்கு அது எட்டாமல் போவதற்கு முக்கியக் காரணம், பிளஸ் டூ முடித்தவர்களை அங்கே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் மூலம் சேர்க்கிறார்கள் என்பது தெரியாததே. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பொங்கல் முடிந்ததிலிருந்தே அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பள்ளி மாற்றும் முன் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டில் எந்தப் பக்கத்தின் சலுகை உங்களுக்கு வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.