தெருவில் நடந்தே வைஃபை வரைபடம்

வைஃபை ரூட்டர் சும்மா இருப்பதே இல்லை. நொடிக்குச் சுமார் பத்து முறை ‘பீக்கன்’ என்ற குட்டிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க்கின் பெயர், சேனல், பூட்டின் (பாஸ்வேர்ட் பாதுகாப்பின்) வகை, அந்த ரூட்டருக்கே உரிய 48 பிட் முகவரி எல்லாம் அதில் உண்டு. பாஸ்வேர்ட் தெரியாத போனும் இதைப் படிக்கலாம். செட்டிங்கில் பெயரை மறைத்தால்? பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகப் போகும், முகவரி வழக்கம்போல வரும். பெயரை மறைப்பதைப் பாதுகாப்பு என்று நம்பவே கூடாது.

இந்த பீக்கன்களைக் கேட்டு, சுற்றியுள்ள ரூட்டர்களைப் பட்டியலிடும் நெட்ஸ்டம்ப்ளர் என்ற மென்பொருள் 2001இல் லேப்டாப்புக்கு வந்தது. கையடக்க பாக்கெட் பிசிக்கு அதன் தம்பியாக மினிஸ்டம்ப்ளர். மக்கள் இப்படித் திரட்டியதைச் சேர்த்து, எந்த ரூட்டர் எங்கே என்று வரைபடமாக்கும் விகிள் தளமும் அதே ஆண்டில் தொடங்கியதுதான். இன்று ஓர் ஆண்ட்ராய்டு போனும் ஒரு செயலியும் போதும்.

சரி, வரைபடம் எப்படி உருவாகிறது? ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பீக்கன் சொல்வதில்லை. போனுக்குத் தெரிந்தது, தான் நிற்கும் இடம் ஜிபிஎஸ் கணக்கில் எது, அங்கே சிக்னல் எவ்வளவு என்பது மட்டுமே. திரையில் சிக்னல் அளவு -40 (அலகு dBm) என்று காட்டினால் ரூட்டர் அநேகமாகப் பக்கத்தில். -70 என்றால் வந்து சேரும் ஆற்றல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஏனென்றால் இந்த அளவுகோலில் பத்து இறங்கினால் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிடும். நடக்க நடக்க இப்படிப் பல அளவுகள் சேரும். வலுவான அளவுக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுத்தால் ஒரு புள்ளி கிடைக்கும். முன்தெருவில் மட்டும் நடந்தால் அந்தப் புள்ளி தெருவிலேயே விழும். பின்தெருவையும் சுற்றி வந்தால்தான் அது வீட்டை நோக்கி நகரும். நடுவில் கான்கிரீட் சுவர் இருந்தால் பக்கத்து ரூட்டரும் தொலைவில் இருப்பதுபோலத் தெரியும்.

ஜிபிஎஸ் தடுமாறும் கட்டடங்களுக்குள் போன் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது இதே வேலையைத் தலைகீழாகச் செய்துதான். சுற்றிலும் கேட்கும் முகவரிகளை ஏற்கெனவே திரட்டிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

பீக்கனைக் கேட்பது வேறு, உள்ளே ஓடும் தகவலை எடுப்பது வேறு. இந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. தெருக்களைப் படமெடுக்கும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் பூட்டில்லாத நெட்வொர்க்குகளின் தகவலையும் சேர்த்துப் பதிந்துவிட்டதாக அந்நிறுவனமே 2010இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பல நாடுகளில் விசாரணை வந்தது. அப்புறம் 2011இல் கூகுள் ஒரு வழி சொன்னது: வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் அதையொட்டி ‘நோமேப்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்திலும் (_nomap) சேர்த்தால், அந்த ரூட்டரைத் தன் இருப்பிடச் சேவைக்குப் பயன்படுத்தாது. ரூட்டர் செட்டிங்கில் ஒரு நிமிட வேலை.